ஓராள் பாரம்

கோட்டாறு கம்போளத்தில், அதாவது மொத்தச் சந்தையில், நான் டீக்கடை நடத்திய பதினாறு வருடத்தில் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். பாதிப் பேரின் முகம் மறந்துவிட்டது. டீயே குடிக்காத ஒருவரைத்தான் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சுமை தூக்குகிறவர்கள் சங்கத்தின் பதிவேட்டில் அவர் பெயர் வெங்கலம்.

அவர் மனிதர் இல்லை. வடக்கே, பனிமலைக்கும் அப்பால் பதினோரு வருடம் நடந்த போருக்காக மந்திரக்காரர்களும் கொல்லர்களும் சேர்ந்து செய்த படைப்பாவைகளில் ஒருவர். கருங்காலியில் எலும்பு, அதன்மேல் வெண்கலத் தகடு, நெஞ்சுக்குள் அணையாத ஒரு சின்னத் தீ. அந்தத் தீயை ஊதி வைத்ததும் பாவைக்கு நினைவும் பேச்சும் வந்துவிடும் என்று செய்தித்தாளில் படம் போட்டு எழுதியிருந்தார்கள். எங்கேயோ நடக்கிற விஷயம் என்று படித்துவிட்டு, அதே தாளில் வடை மடித்துக் கொடுத்தவள் நான்.

போர் முடிந்த அன்று ஒரு மைதானத்தில் இரண்டாயிரம் பாவைகளை வரிசையாக நிறுத்தி, "போகலாம்" என்றாராம் ஓர் அதிகாரி. எங்கே என்று சொல்லவில்லை. மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். இவர் மட்டும் நடந்தார். முகம் தெற்கே பார்த்து இருந்ததால் தெற்கே. ஏழு மாதம் நடந்து கன்னியாகுமரிக்கு வந்தபோது தரை முடிந்துவிட்டது. கடலைப் பார்த்து இரண்டு நாள் நின்றார். சூரிய உதயம் பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் இங்கே நிற்கக் கூடாது என்றார். அது கட்டளை போல இருந்ததால் திரும்பி நடந்து, சுசீந்திரம் தாண்டி எங்கள் ஊருக்குள் வந்தார். இதெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னது.

அன்று ஐப்பசி மழை. நாராயணபெருமாள் அண்ணாச்சியின் மொத்தக் கடைக்கு அரிசி கொண்டுவந்த லாரி, பின்சக்கரம் ஓடைக்குள் இறங்கிச் சாய்ந்து நின்றது. தெரு முழுக்கச் சத்தம். இவர் வந்தார், பார்த்தார், குனிந்து லாரியின் பின்பக்கத்தைத் தூக்கி ரோட்டில் வைத்தார்.  எனக்குக் கையிலிருந்த சாயா கொட்டியதுகூடத் தெரியவில்லை. அண்ணாச்சிதான் முதலில் வாய் திறந்தார். நாளையிலிருந்து நம்ம கடைக்கு வந்துவிடு என்றார்.

மறுநாள் காலை சுமைக்காரர்கள் பதினெட்டுப் பேரும் என் கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் லாரி காலி. இருநூற்று நாற்பது மூட்டையும் குடோனுக்குள் அடுக்கியாகிவிட்டது.  எல்லோரும் தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். வேலை போன ஆண்கள் அப்படி நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சங்கச் செயலாளர் முருகதாஸ் கோபக்காரர். லாரி டிரைவர்களே அவருக்குப் பயப்படுவார்கள். அடி விழப்போகிறது, முருகதாஸ் கைதான் ஒடியும் என்று நினைத்தேன். அவர் நேராகப் போய்ப் பாவைக்கு எதிரே நின்றார். அதன் நெஞ்சளவுதான் இருந்தார்.

"நீ ஒருத்தனே எல்லாத்தையும் எடுத்தா, நாங்க பதினெட்டு பேரும் எங்கலே போவோம்?"

"எவ்வளவு எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை" என்றது பாவை. அப்போது அதன் தமிழ் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருக்கும்.

"ஓராளுக்கு உள்ளத எடு."

"ஓர் ஆள் என்றால் எவ்வளவு?"

முருகதாஸ் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடம் மூட்டை தூக்கியவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. பக்கத்துக் கடையின் சர்க்கரை மூட்டை ஒன்றைத் தன் முதுகில் ஏற்றச் சொன்னார். குடோன் வரை நடந்து இறக்கிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"இவ்வளவுதான். பெறவு அடுத்த ஆளு. எல்லாரும் எடுத்த பெறவுதான் திரும்ப நான்."

 பாவை வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டது.

அண்ணாச்சிக்கு வருத்தம்தான். அரை மணியில் லோடு இறங்கினால் யாருக்குக் கசக்கும்? இரண்டு நாள் தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். அது கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி வரிசைக்கே போனது. மூன்றாம் நாள் அவரே என் கடைக்கு வந்து, சங்கத்துக்காரங்க நல்ல ஆளைத்தான் புடிச்சிருக்காவ என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

சங்கத்தில் சேர்க்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என் கடை பெஞ்சில் வைத்துத்தான் நிரப்பினார்கள். பெயர் என்ன என்றதற்கு, நெஞ்சில் வெட்டியிருந்த எண்ணைக் காட்டியது. அந்த எண்ணை எழுத முருகதாஸுக்கு மனம் வரவில்லை. எல்லோரும் ஏற்கெனவே வெங்கலம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்ததால் அதையே எழுதினார்கள். அடுத்த வரி தகப்பன் பெயர். செய்த கொல்லர்கள் நாற்பது பேர், யாரையும் தெரியாது என்றது வெங்கலம். எழுதிக்கொண்டிருந்த சங்கத்துப் பையன் சஜின் பேனாவைக் கீழே வைத்தான். அது இல்லாமல் படிவம் செல்லாது.

"எங்க அப்பா பேரை எழுதுலே. அய்யம்பெருமாள்" என்றார் முருகதாஸ். "செத்தவரு வந்து வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

அன்றிலிருந்து எனக்கும் அது 'அது' இல்லை, 'அவர்'.

எப்படிச் சும்மா இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. லோடு இல்லாத நேரத்தில் தெருவைப் பார்த்து விறைப்பாக நிற்பார். பெஞ்சில் உட்கார்ந்தால் ஒடியும் என்று முருகதாஸ் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார்ந்தாலும் தெருவுக்கு முதுகு காட்ட மாட்டார். யார் எந்தச் சந்திலிருந்து வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். தெருவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று. அன்று நான் அதைக் கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி திரும்பிவிடுவாரோ என்று இருந்தது.

அவருக்கும் ஒரு கிளாஸ் சாயா கொடுப்பேன். இரண்டு கையாலும் பிடித்திருப்பார். சூடு அவருக்குத் தெரியும், பிடிக்கும். ஆறினதும் திருப்பித் தந்துவிடுவார். ஒருநாள், வேலை இல்லாதபோது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மகேஷ்குமார் அப்போது மஸ்கட்டில் டிரைவர். அவர் இப்போது எங்கே ஓட்டிக்கொண்டிருப்பார், மதியம் என்ன சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருப்பேன் என்றேன். அதனால் அவருக்கு ஏதாவது நடக்குமா என்றார். ஒன்றும் நடக்காது, சும்மாதான் என்றேன். சும்மா என்ற சொல்லை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் அதைப் பழகிக்கொண்டார். என்ன செய்யுறிய என்று கேட்டால், சும்மா இருக்கேன் அக்கா என்பார். எங்கள் பேச்சு மெல்ல மெல்ல அவர் வாயில் ஏறிவிட்டிருந்தது.

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா ஒன்றை மறக்க முடியாது. சாயங்காலம், தெருவில் நல்ல கூட்டம். முதல் வெடி வெடித்ததும் வெங்கலம் பாய்ந்து வந்து என் கடைக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். நெஞ்சுத் தீ தகடு வழியாகச் சிவப்பாகத் தெரிந்தது. உள்ளே நானும், திருவிழா பார்க்க வந்த நாலைந்து பெண்களும் பிள்ளைகளும். வெளியே போகவும் விடவில்லை. வெடிச் சத்தம் கேட்கக் கேட்க அவர் முதுகு நடுங்கியது. அவ்வளவு பெரிய முதுகு நடுங்கி நான் பார்த்தது அன்றுதான். முருகதாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்தார். ஒன்றும் புத்தி சொல்லவில்லை. ஒவ்வொரு வெடிக்கும், "இது மாதாவுக்கு", "இது சவேரியாருக்கு" என்று சொல்லிக்கொண்டே கடைசி வெடி வரை கூட நின்றார். அடுத்த வருடம் வெங்கலம் கூட்டத்துக்கு நடுவில் நின்று, எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை அஸ்வதியைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டு வெடி பார்த்தார்.

நாலாவது வருடம் தை மாதம் ஒரு ஜீப் வந்தது. மைதானத்தில் "போகலாம்" என்று சொன்ன அதே அதிகாரி. முடி முழுக்க நரைத்திருந்தது. வடக்கே மறுபடி போர் மூளப்போகிறதாம். வெங்கலம் அப்போது முதுகில் மூட்டையோடு தெருவில் நடந்துகொண்டிருந்தார். அதிகாரி எங்களுக்குப் புரியாத ஒரு சொல்லை உரக்கச் சொன்னார். பாவைகளை எழுப்புகிற சொல். வெங்கலத்தின் உடம்பு தானாக நிமிர்ந்தது. தலை திரும்பியது. நாங்கள் நாலு வருடம் பார்த்த முகமே இல்லை. என் கடைக்குள் யாரோ அழுதார்கள்.

அவர் ஓர் அடி ஜீப்பை நோக்கி வைத்தார். நின்றார். பிறகு திரும்பிக் குடோனுக்குள் போய் மூட்டையை அதன் இடத்தில் இறக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் ஏறல்ல சார்."

அதிகாரியால் நம்ப முடியவில்லை. திரும்பவும் அந்தச் சொல்லைச் சொன்னார். உடம்பு அதிர்ந்தது, ஆனால் கால் நகரவில்லை. முருகதாஸ் சங்க அட்டையை எடுத்து நீட்டினார். "இவரு எங்க ஆளு. எனக்குக் கூடப்பிறந்தவரு. வேணும்னா அப்பா பேரப் பாருங்க." அதிகாரி வாசித்துவிட்டுச் சிரித்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கட்டி இழுத்துப் போகிற உருவமும் இல்லை அது. கடைசியில் களைத்துப்போனவர் போலக் கேட்டார், போரும் வேண்டாம் என்றால் நீ எதற்காக இருக்கிறாய் என்று.

"அது எனக்கு இன்னும் தெரியல்ல" என்றார் வெங்கலம். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு லோடு வருது. அதுக்கு வரணும். அவ்வளவுதான் தெரியும்."

அதிகாரி போகிறபோது ஒன்று சொன்னார். மைதானத்தில் மற்றவர்கள் இன்னும் அப்படியேதான் நிற்கிறார்கள், புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது, ஒரு மாதத்தில் போய் அவர்களை எழுப்பிக்கொள்கிறேன் என்றார்.

 அன்று முழுவதும் வெங்கலம் தன் முறைக்கு எழுந்து போய் மூட்டை எடுத்தார், வந்து கல்லில் உட்கார்ந்தார். மறுநாள் சங்கத்தில் விடுப்பு கேட்டார். எவ்வளவு நாள் என்று எழுதச் சொன்னபோது அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

"அவங்களுக்குப் போகலாம்னா எங்கன்னு தெரியாது அக்கா" என்றார் என்னிடம். "எனக்கும் தெரியாதுதான். கடல் வந்து நிறுத்தினதால இங்க வந்தேன். ஆனா ஒருத்தன் போய்ச் சொல்லணும்லா."

ரயிலில் சரக்குப் பெட்டியில்தான் இடம் கிடைத்தது. பதினெட்டுப் பேரும் வேலையை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அண்ணாச்சி கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார். முருகதாஸ் தன் தலைத் துவர்த்தை அவிழ்த்து அவர் தோளில் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்று ரயில் நேரத்தைப் பற்றி யாரிடமோ சண்டை போட்டார். நான் ஒரு பிளாஸ்கில் சாயா கொண்டுபோயிருந்தேன். வண்டி கிளம்புகிற வரைக்கும் கிளாஸைக் கையில் பிடித்திருந்தார்.

அதிகாரி மைதானத்துக்குப் போனபோது அங்கே புல் மட்டும்தான் இருந்தது என்று செய்தித்தாளில் வந்தது. ஆளில்லாமல் அந்தப் போரும் பேச்சுவார்த்தையில் முடிந்தது. பிறகு அங்கங்கே கேள்விப்பட்டோம். கடியப்பட்டணம் கடற்கரையில் ஒரு பாவை வள்ளம் இழுக்க வந்திருக்கிறது, மற்றவர்கள் கயிற்றைப் பிடிக்கிற வரை அது இழுக்காது என்றார்கள். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் ஒன்று பால் வெட்டப் பழகி, முதல் மாதம் மரத்தையெல்லாம் ஆழமாகக் கீறிவிட்டு, ஒவ்வொரு மரத்தின் கீழும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி போய் நின்றதாம். எங்கள் கம்போளத்துக்கே இரண்டு பேர் வந்தார்கள். வந்ததும், முருகதாஸ் யார் என்று கேட்டார்கள்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. முருகதாஸ் மூட்டுவலியால் வேலையை விட்டுவிட்டு வடசேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். ரோட்டை அகலமாக்கியபோது என் கடை போயிற்று. வீட்டுக்காரரும் மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டார். இரண்டு பேரும் மதியம் வீட்டில் உட்கார்ந்து சாயா குடிக்கிறோம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மழை பெய்கிற காலையில், ஈரச் சாக்கு மணமும், பாய்லர் ஆவியும், வரிசையில் நின்று ஒருவரையொருவர் கிண்டல் செய்கிற சத்தமும், அதற்கு நடுவில் ஒரு நிமிடம் தாமதமாகச் சிரிக்கிற அந்தக் கனத்த குரலும் மனசுக்குள் வந்துவிடும். அந்த நாலு வருடத்தில் அது பெரிய விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. காலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் வெங்கலத்திடமிருந்து போன் வந்தது. ஏதோ மலை ஊர், காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது. வேறொரு பள்ளத்தாக்கில் இன்னும் நாற்பது பேர் நிற்பதாகத் தகவல் கிடைத்து அங்கே போயிருக்கிறாராம். பனிக்குள் புதைந்து நிற்கிறார்களாம், தோண்டி எடுக்க வேண்டுமாம். முருகதாஸின் காலுக்கு எப்படி இருக்கிறது, அஸ்வதி எந்த வகுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அஸ்வதி நர்சிங் படிக்கிறாள் என்றதும், என் தோள்ல ஏறின பிள்ளையா என்று கேட்டார்.

எப்போது வருவீர்கள் என்று கேட்டேன்.

"இப்ப ஏழு பேரை எடுத்தாச்சு அக்கா" என்றார். "மிச்சம் உள்ளவங்க நிக்காவ. நான் போகட்டா?"

போய் வாருங்கள் என்றேன்.