ரெண்டு விரல் நுழையக் கூடாது

"கொஞ்சம் கையைத் தூக்கு, தம்பி" என்று சொல்லிக்கொண்டே நார்பெர்ட் ஃபுர்டாடோ அந்த ஆளின் இடுப்பில் இரண்டு விரல்களை நுழைக்கிறார். ஆள் அவரைவிட ஒரு முழம் உயரம். மார்பு வரை ஏறும் ரப்பர் உடை புதிது, அதன் மேல் கட்டிய பெல்ட்டும் புதிது. இருவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. விரல்கள் சுலபமாக உள்ளே போய்விடுகின்றன. நார்பெர்ட் உதட்டைப் பிதுக்குகிறார். "இதைக் கட்டுறதும் ஒண்ணு, கட்டாம இருக்கிறதும் ஒண்ணு. ரெண்டு விரல் நுழையக் கூடாது. இழு." ஆள் என்னைப் பார்க்கிறான். நான் கடலைப் பார்க்கிறேன். இந்தத் தர்மசங்கடம் எனக்குப் பழகிவிட்டது.

கடைசியில் அவன் இழுத்துக் கட்டுகிறான். நார்பெர்ட் மறுபடி விரலை வைத்துப் பார்க்கிறார், நுழையவில்லை. "வயிறு அழுதா அழட்டும்" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டு அடுத்த பாறையை நோக்கி நடக்கிறார். அங்கே இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரம் இருக்கும் கட்டிஹங்க் தீவில் அக்டோபர் மாதம் மனிதர்களை எண்ணிவிடலாம். கோடைக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். மிச்சம் இருப்பவர்கள் தீவுக்காரர்கள் கொஞ்சம் பேர், தூண்டிலும் கையுமாகப் படகில் வந்து இறங்கும் எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் பேர். உடம்பு நெடுகக் கோடு ஓடும் ஸ்ட்ரைப்பர் மீன் குளிருக்குப் பயந்து தெற்கே போகும் வழியில் இந்தப் பாறைகளை உரசிக்கொண்டு போகும். அதற்காகத்தான் இருபத்திரண்டு வருஷமாக அதே வாரம், அதே வாடகை வீடு, அதே கோல்ஃப் வண்டி. தீவில் கார் ஓட்ட ரோடு எங்கே இருக்கிறது.

நார்பெர்ட்டுக்கு அறுபத்தாறு வயது. நியூ பெட்ஃபோர்டில் வீட்டுக்கு வீடு போய்க் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பழுது பார்ப்பது தொழில். நிலவறைக்குள் இறங்கியதும் முதலில் மோப்பம் பிடிப்பார். பிறகு கொதிகலனிடம், "என்னடி உனக்கு?" என்று கேட்பார். வீட்டுக்காரர்களிடம் இவ்வளவு அன்பாகப் பேசி நான் பார்த்ததில்லை. எந்தச் சமையலிலும் லிங்கிசா தொத்திறைச்சியை நறுக்கிப் போடுவார், ஆனால் மீனை வாயில் வைக்க மாட்டார். காபியை ஊற்றி வைத்துவிட்டு ஆறிச் சில்லிட்ட பிறகுதான் குடிப்பார். ஏன் என்று கேட்டால், சூடாகக் குடிப்பவன் அவசரக்காரன் என்பார்.

சட்டைப் பையில் ஒரு துணி நாடா இருக்கும். அதில் இருபத்தெட்டாம் அங்குலத்திலும் முப்பத்தொன்றாம் அங்குலத்திலும் சிவப்புச் சாயக் கோடு. சட்டப்படி அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சின்னதையும் விட்டுவிட வேண்டும், பெரியதையும் விட்டுவிட வேண்டும். பெரிய மீனைச் சும்மா தண்ணீரில் வீசினால் செத்துப்போகும், சண்டை போட்டுக் களைத்திருக்கும். அதனால் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கீழ்த்தாடையைப் பிடித்து, செவுளில் தண்ணீர் ஓடும்படி அதைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். உயிர் திரும்பியதும் அதுவே கையை உதறிவிட்டுப் போகும்.

இப்போதெல்லாம் நார்பெர்ட் தூண்டில் போடுவது குறைவு. காலை முழுக்கக் கரையில் நின்று மற்றவர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். யாருக்காவது பெரிய மீன் மாட்டினால் அவரே தண்ணீரில் இறங்கி அதைத் தாங்கி நிற்பார். வேறு யாரும் இறங்க விடமாட்டார். அவருடைய பெல்ட் அகலமான பச்சை நாடா. கட்டி முடித்ததும் தொங்கும் நுனியை உள்பக்கமாக மடித்துச் செருகிவிடுவார். எல்லோருக்கும் நுனி வெளியே தொங்கும், இவருக்கு மட்டும் தொங்காது.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவன் நான், அதனால் இவரைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

அப்போது நாங்கள் மூன்று பேர். மூன்றாமவர் ஆல்டன் பீஸ், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர், நார்பெர்ட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. தன் சாமான் எதுவானாலும் ஆணியைக் காய்ச்சிப் தன் பெயரின் தலைப்பெழுத்து இரண்டையும் சுட்டுவிடுவார். தூண்டில் பிடியில், மரத்தட்டில், காபிக் குடுவையின் மூடியில் கூட இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஒரு நாள் சமையல் முறை என்னுடையது, நான் வீட்டில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் வண்டியின் ஹாரன் நிற்காமல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது நார்பெர்ட் ஒரு கையால் ஹாரனை அழுத்திக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். கரையில் ஆல்டனின் காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆல்டனைக் காணோம்.

பிறகு தெரிந்தது இது: பெரிய மீன் ஒன்று நார்பெர்ட்டின் தூண்டிலில் மாட்டியது, அதைத் தாங்கி உயிர்ப்பிக்க ஆல்டன் இறங்கினார், மீன் போய்விட்டது, அடுத்தடுத்து வந்த மூன்று அலைகள் ஆளைச் சாய்த்துவிட்டன. மத்தியானம்தான் உடல் கரை ஒதுங்கியது. ரப்பர் உடைக்குள் மேலிருந்து தண்ணீர் இறங்கினால் கால் இரண்டும் தண்ணீர்ப் பீப்பாய்தான். அதைத் தடுக்கத்தான் பெல்ட். ஆல்டன் பெல்ட் கட்டியிருக்கவில்லை என்று விசாரிக்க வந்தவர்களிடம் நார்பெர்ட் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் மூட்டை கட்டும்போது நார்பெர்ட்டின் கட்டிலுக்கு அடியில் ஒரு பெல்ட் கிடந்தது. அது அவருடையது, பக்கிள் இரண்டாக உடைந்திருந்தது. அடுப்புக்கு மேலே இன்னொரு பெல்ட் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நுனியில் இரண்டு எழுத்துச் சூடு. எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. உடைந்த பெல்ட்டை எடுத்துக் குப்பைப் பையில் போட்டேன், யாரும் என்னைக் கேட்கவில்லை. நார்பெர்ட் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆல்டனின் மனைவி ஃபிலோமினாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னும் போய் அவளுடைய கொதிகலனைச் சுத்தம் செய்து கொடுத்தார், படிக்கட்டில் பனி தள்ளினார். அவள் கோழியும் கீரை சூப்பும் கொடுத்து அனுப்புவாள். சூப்பை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

இந்த வருஷம் செப்டம்பரில் ஃபிலோமினா எனக்குப் போன் செய்து, தானும் தீவுக்கு வருவதாகச் சொன்னாள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், ஆல்டனின் தூண்டிலை ஒரே ஒரு தடவை வீச வேண்டும். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும். நார்பெர்ட்டிடம் சொன்னபோது சரி என்று மட்டும் சொன்னார். அன்று அவருக்காக ஊற்றிய காபி மாலை வரை அப்படியே இருந்தது.

வந்த அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஃபிலோமினா, உடலோடு திரும்பி வந்த ஆல்டனின் ரப்பர் உடையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே பேசினாள். பெல்ட்டை மட்டும் எங்கேயும் காணோமாம். நிலவறை, கார், மாடி அலமாரி எல்லாம் தேடிவிட்டாளாம். ஊரில் எல்லோருக்கும் புத்தி சொல்கிற மனுஷன், பஸ்ஸில் ஒவ்வொரு பிள்ளையையும் எண்ணி உட்கார வைக்கிற மனுஷன், தன் பெல்ட்டை எங்கேயோ தொலைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார் பார் என்றாள். குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"காலையில காபி போடும்போதெல்லாம் திட்டுறேன். கல்லறைக்குப் போனாலும் திட்டிட்டுத்தான் வரேன். ஒரு பெல்ட்டைக் கட்ட உனக்கு என்ன கேடு வந்துச்சுன்னு."

நார்பெர்ட் எழுந்து பாதி சாப்பிட்ட தட்டைக் கழுவினார். ஏற்கெனவே கழுவியிருந்த தட்டுகளையும் எடுத்து மறுபடி கழுவினார். பிறகு அவர் முற்றத்துக்குப் போனார், நான் பின்னாலேயே போய், இன்றைக்கே சொல்லிவிடு என்று முணுமுணுத்தேன். அவர் வண்டிச் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் இந்த வீட்டு வாசல் தனக்கு இல்லை, அவள் வீட்டு வாசலும் இல்லை, அப்புறம் பனியை யார் தள்ளுவார்கள் என்றார். கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. உடைந்த பெல்ட் ஞாபகம் வந்ததும் விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை வாடைக்காற்று. வானமும் கடலும் ஒரே சாம்பல், எங்கே சேருகின்றன என்று தெரியவில்லை. நார்பெர்ட் வழக்கம் போலப் பாறை பாறையாகப் போய்ப் பெல்ட் பார்த்துவிட்டு வந்தார். ஃபிலோமினா வண்டியிலிருந்து இறங்கினாள். ஆல்டனின் ரப்பர் உடை அவளுக்குக் கழுத்து வரை வந்தது, இடுப்பில் தொளதொளவென்று காற்று புகுந்து உப்பியிருந்தது. தூண்டிலைத் துடைப்பக்கட்டை போலப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பக்கம் நடந்தாள்.

நார்பெர்ட் குறுக்கே போய் நின்றார். கை பழக்கத்தில் அவள் இடுப்புக்கு நீண்டு பாதியில் நின்றது.

"பெல்ட்தான் இல்லைன்னு சொன்னேனே. முழங்கால் தண்ணிக்கு மேல போக மாட்டேன், நகரு."

அவர் நகரவில்லை. தன் பெல்ட்டை அவிழ்த்தார். ஃபிலோமினாவின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினார், இழுத்தார், இரண்டு விரலை வைத்துப் பார்த்தார், இன்னும் ஒரு தடவை இழுத்தார். எல்லாம் கொதிகலன் குழாயை முடுக்குவது போல நிதானமாக நடந்தது. மிச்ச நுனி அவர் கையில் இருந்தது. வழக்கம் போல மடித்துச் செருகப்போகிறார் என்று நினைத்தேன். செருகவில்லை. எழுத்து தெரியும்படி திருப்பி வெளியே தொங்கவிட்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். கட்டை விரலால் அந்தச் சூட்டுத் தழும்பைத் தடவினாள்.

"எங்க கெடச்சுது?"

"கெடைக்கல. அன்னைக்குக் காலையில என் இடுப்புல இருந்துச்சு. என்னோடது உடைஞ்சு போச்சு. நீ காபிதானே குடிக்கிற, பத்து நிமிஷம் குடுன்னு அவன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். பெரிய மீனு மாட்டுச்சு. அவன் அப்படியே எறங்கிட்டான்."

"பெல்ட் இல்லாமலா?"

"நான் பாக்கல, ஃபிலோமினா. மீனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

காற்று அவள் தலைமுடியை முகத்தில் போட்டது. அவள் ஒதுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும்.

"மூணு வருஷம் அந்த மனுஷனைத் திட்டியிருக்கேன். நீ என் வீட்டுப் படியில பனி தள்ளிக்கிட்டு இருந்திருக்க."

அவள் நார்பெர்ட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். தண்ணீரில் இறங்கினாள், முழங்காலோடு நிற்காமல் தொடை வரை போனாள். வந்த அலை அவள் இடுப்பில் மோதி இரண்டாகப் பிரிந்து போனது. பெல்ட் இறுக்கமாக இருந்தது. தூண்டிலைத் தலைக்கு மேலே தூக்கி ஒரே ஒரு முறை வீசினாள். கோணலாகப் பதினைந்து அடி தள்ளி விழுந்தது. சுற்றி இழுத்தாள், வெறும் கொக்கிதான் வந்தது.

திரும்பி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்து போனாள். யாரையும் பார்க்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் ரப்பர் உடையைக் கழற்றினாள், பெல்ட்டைத் தனியாக எடுத்துச் சுருட்டித் தன் கோட்டுப் பைக்குள் வைத்துப் பையின் பித்தானையும் போட்டாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்து, பத்து மணிப் படகு போகுமா என்று கேட்டாள். போகும் என்றேன்.

சாவியை எடுத்துக்கொண்டு நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். காலையில் நார்பெர்ட் பெல்ட்டை இறுக்கச் சொன்ன அந்த உயரமான ஆளுக்குப் பெரிய மீன் மாட்டியிருந்தது, தூண்டில் வளைந்து குதித்தது, உதவிக்கு ஆள் வேண்டும் என்று கத்தினான். நார்பெர்ட் பழக்கத்தில் தண்ணீரை நோக்கி இரண்டடி வைத்தார். அவருடைய இரண்டு விரல்கள் இடுப்புக்குப் போயின. அங்கே நுழைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. விரல்களை எடுக்காமல், நனைந்த மணலும் காய்ந்த மணலும் சேரும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.