மாரிச்செல்வி ஏற்றிய கூண்டு

கமுதிப் பக்கத்து மிளகாய் விவசாயி மகள் மாரிச்செல்விக்குப் பொறாமை கைக்குழந்தை மாதிரி; எங்கே போனாலும் இடுப்பில் இருக்கும். இப்போது அது ராமநாதபுரத்து மென்பொருள் அலுவலகத்தில், புதிதாய் வந்த ஹாஃபிஸா மேல். முதலாளி அருள்முருகன் எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார். வருஷக்கணக்காக மாடாய் உழைத்தவளுக்கு வயிறு எரியாதா?

மண்டபம் விசைப்படகுச் சங்கத்துக்கு ஒரு செயலி செய்தார்கள். அது நல்லபடி முடிந்தால் இருவரில் ஒருத்திக்குத் தலைமைப் பொறுப்பு என்று பேச்சு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அதன் எண் எல்லாப் படகுக்காரர் போனிலும் தெரிய வேண்டும். நிரலில் 'கூண்டு' என்ற பகுதியை, அவர்கள் பாஷையில் கிளாஸை, மாரிச்செல்வி எழுதினாள். படகுக்குப் படகு பெயர் வேறு. கூண்டு எல்லாருக்கும் ஒன்றுதானே? அதனால் எண்ணை ஸ்டாடிக் ஆக்கினாள். எத்தனை படகு இருந்தாலும் எண் ஒன்றே ஒன்றுதான். வேறு எந்தக் கிளாஸும் கூண்டின் பெயரைச் சொல்லி அதை எடுக்கலாம். அவசரத்தில், வெளியார் கை படாமல் பூட்டும் 'பிரைவேட்' என்ற சொல்லைப் போட மறந்துவிட்டாள். எடுக்க மட்டுமல்ல, மாற்றவும் வழி திறந்து கிடந்தது.

'படகு' கிளாஸ் ஹாஃபிஸாவுடையது. படகு கரை திரும்பியதும் கூண்டு எண் பூஜ்யமாகும்படி எழுதியிருந்தாள், அது அந்தப் படகின் சொந்த எண் என்ற நினைப்பில். சோதனைக்கு முந்தின நாளே மாரிச்செல்வி இதைப் பார்த்துவிட்டாள். சொல்லவில்லை. சங்கத்தார் முன்னால் குட்டு உடையட்டும் என்று இருந்துவிட்டாள்.

உடைந்தது. சோதனையில் ஒரு படகைக் கரைசேர்த்ததும் எல்லாப் போனிலும் கூண்டு இறங்கிவிட்டது.

"பாம்பன் கூண்ட எவனாச்சும் தன் படகுல இருந்தே இறக்க முடியுமாம்மா? கடல்ல நிக்கிறவன் கதி என்னாகுறது?" என்றார் சங்கச் செயலாளர் ஹாஜா முகைதீன்.

மாரிச்செல்விக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"நான்தான் இறக்கிட்டேன். என் தப்பு," என்றாள் ஹாஃபிஸா.

"அது சரி, ஆளாளுக்குக் கை வைக்கிற மாதிரி தெறந்து போட்டது யாரு?" என்று கேட்டார் அருள்முருகன்.

மாரிச்செல்வி திரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹாஃபிஸா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்பவே பூட்டிருவோம் சார். இனிமே பாக்கலாம், மாத்த முடியாது," என்றாள்.

"தப்ப தப்புன்னு ஒத்துக்கிற புள்ள. எங்க வேலைய இதுவே பாக்கட்டும் தம்பி," என்றார் ஹாஜா முகைதீன். அருள்முருகன் தலையாட்டினார்.

தப்புச் செய்தும் பேர் வாங்கிவிட்டாளே! மாரிச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு பிரைவேட் என்று அடித்து, எண்ணைப் பார்க்க மட்டும் ஒரு வழி விட்டாள். ஹாஃபிஸா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நேத்து நான் எழுதுன கோட நீங்கதானக்கா சரிபாத்தீங்க. கண்ணுல படலையா?"

'பட்டுச்சு' என்று சொல்ல மாரிச்செல்விக்கு வாய் வரவில்லை. இவளாக இருந்தால் சொல்லியிருப்பாள். அதை நினைத்ததும் அதற்கும் சேர்த்துப் பொறாமை வந்தது.