தாம்பரத்துக்குப் போன இரும்புச் சட்டம்

காலை ஐந்து நாற்பதுக்குத் தாம்பரத்தில் இறங்கினேன். தோளில் ஒரு பை, கையில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் இரும்புச் சட்டம். மணப்பாறையிலிருந்து முந்நூற்று நாற்பது கிலோமீட்டரும் அதை மடியிலும் காலடியிலுமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்ததில் சேலையெல்லாம் துரு. சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் உற்சாகம் தாங்கவில்லை.

நான் மேய்ச்சல் நிலத்தில் புல் எண்ணுகிறவள். சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை இருக்கிறது. மாடு மேயும் புறம்போக்கில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இந்தச் சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் எறிவேன். விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் என்னென்ன புல், எத்தனை தூர், அதாவது எத்தனை கொத்து என்று எண்ணி நோட்டில் எழுதுவேன். கண் திறந்திருந்தால் செழிப்பான இடமாகப் பார்த்துக் கை போய்விடும். அதனால்தான் மூடச் சொல்கிறார்கள். ஒரு நிலத்தில் எத்தனை மாடு, எத்தனை நாள் மேயலாம் என்பதை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பன்னிரண்டு வருடமாக இதைச் செய்கிறேன்.

இனி ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் எண்ணப் போகின்றனவாம். முதல் சோதனை பள்ளிக்கரணைக்கு அப்பால் ஓர் ஏரியை ஒட்டிய மேய்க்கால் புறம்போக்கில். இயந்திரம் சொல்வதைச் சட்டம் போட்டுச் சரிபார்க்க என்னை அழைத்திருந்தார்கள். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இயந்திரம் தேறிவிட்டால் அதை நீட்டிப்பார்களா என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. எனக்கும் இருந்தது, ஆனால் அந்த இயந்திரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஆறு பத்து. கிழக்குத் தாம்பரத்தில் டீ பதினைந்து ரூபாய். மேடவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் முப்பது, சட்டத்துக்குத் தனியாகப் பத்து.

"இன்னா மேடம், ஜன்னல் கம்பியா?" என்றார் டிரைவர்.

புல் எண்ணுவதற்கு என்று சொன்னேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோது அவர் திரும்பிப் பார்த்து, அதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் இனிமேல் மெஷின் எண்ணப்போகிறது என்றதும் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

ஏழு இருபது. ஏரிக்கரையில் ஜெனிபர் காத்திருந்தாள். சேலையூரில் வளர்ந்த பெண், அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள், இந்த இயந்திரத்தைப் பழக்கும் பொறியாளர். பக்கத்தில் ஏகாம்பரம் அண்ணன். அவர் குடும்பத்தின் வயல்கள் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. கடை வாடகையே போதும் என்றாலும், ஆசைக்காகப் பதினொரு எருமை வளர்த்து அந்த அடுக்குமாடிகளுக்கே பால் ஊற்றுகிறார். எருமைகளின் கழுத்தில் அவை நிற்கும் இடத்தைக் காட்டும் பட்டை கட்டியிருந்தார்கள்.

விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்கள். ஏழரைக்கு ட்ரோன் ஏறியது. பதினொரு நிமிடம்தான். நான் நான்கு நாள் நடக்கும் நிலம் முழுவதும் ஜெனிபரின் திரையில் நிறம் நிறமாக விரிந்தது. தீவனம் நிறைந்த இடம் பச்சை, சுமாரான இடம் மஞ்சள், ஒன்றும் இல்லாத இடம் சிவப்பு. ஐந்து இடத்தில் சட்டம் எறிந்தேன். ஐந்திலும் அது சொன்னதும் நான் எண்ணியதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. வேலை போகப் போகிறவள் என்பதையே மறந்து கைதட்டினேன்.

எட்டரைக்குத்தான் சிக்கல் தெரிந்தது. கரைக்கு உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நின்ற பகுதி முழுவதும் திரையில் ஒரே சிவப்பு. அந்தச் சிவப்பின் நடுவில் பதினொரு புள்ளிகள். எட்டிப் பார்த்தால் எருமைகள் வயிறு முட்ட மேய்ந்துகொண்டிருக்கின்றன. ஜெனிபர் கழுத்துப் பட்டையைச் சோதித்தாள், ட்ரோனைச் சோதித்தாள். கடைசியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாடல்தான் சொதப்புது. அப்போ உங்க வேலை சேஃப்க்கா," என்றாள்.

எனக்கு நெஞ்சு லேசானது. அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் அண்ணன் சாதாரணமாகக் கேட்டார்:

"இன்னாக்கா, மாடு தண்ணியில மேஞ்சிகினு கீது, நீ கரையிலயே எண்ணிகினு கீற?"

சுருக்கென்றது. அந்த இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுத்தது என் நோட்டுகளை, என்னைப் போன்ற இன்னும் ஐந்து பேரின் நோட்டுகளை. எறியும்போது கண்ணை மூடினேன், வாஸ்தவம். ஆனால் எங்கே நின்று எறிவது என்பதைக் கண் திறந்துதானே தேர்ந்தெடுத்தேன்? சேலை நனையும், நோட்டு நனையும், சட்டம் முங்கிவிடும் என்று பன்னிரண்டு வருடமும் ஈரத்தில் கால் வைக்கவில்லை. ஈரமான இடத்துக்கு நேராக நோட்டில் ஒரு கோடு இழுத்திருப்பேன். அதை இயந்திரம் 'புல் இல்லை' என்று படித்திருக்கிறது.

பேசாமல் இருந்தால் பழி இயந்திரத்தின் மேல் போகும், என் வேலை தங்கும். ஒரு நிமிடம் பேசாமல்தான் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"தப்பு அதோடது இல்லம்மா, என்னோடது. நான் தண்ணியில இறங்கினதே இல்ல," என்றேன்.

நான் இதுவரை சட்டம் போட்ட இடங்களை எல்லாம் ஜெனிபர் திரையில் வரவழைத்தாள். ஒவ்வொரு குளத்தையும் சுற்றி வளையல் மாட்டியதுபோலப் புள்ளிகள். நடுவில் ஒன்றுகூட இல்லை.

செருப்பைக் கழற்றி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கண்ணை மூடி எறிந்தேன். தொப்பென்று விழுந்து முங்கியது. காலால் துழாவிச் சட்டத்தைக் கண்டுபிடித்து, உள்ளே கைவிட்டு எண்ணினேன். முப்பத்தேழு தூர், எல்லாம் தண்ணீர்ப்புல், அத்தனையும் கொழுகொழுவென்று. மதியத்துக்குள் இருபது முறை எறிந்தேன். ஜெனிபர் ஒவ்வொன்றாக உள்ளே ஏற்ற ஏற்ற, சிவப்பு மெல்ல மெல்லப் பச்சையானது. சேற்றில் நின்றபடி அதைப் பார்த்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு மணிக்கு அவள் தன் மேலதிகாரியிடம் எதையும் மறைக்காமல் போனில் சொன்னாள். பதிலையும் என்னிடம் மறைக்கவில்லை. புல் எண்ணும் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. இனி இயந்திரம் தனக்குத் தெரியாத இடங்களைத் தானே பட்டியல் போடும். அங்கே போய் நிற்க ஆள் வேண்டும். ஆறு பேர் செய்ததற்கு இரண்டு பேர் போதும். அந்த இருவரில் ஒருத்தியாக இருக்கச் சம்மதமா என்று கேட்டாள். சம்மதித்தேன். வேலை இழக்கும் மற்ற நால்வரில் ஒருத்தி எனக்குச் சட்டம் எறியக் கற்றுக்கொடுத்த தோழி. அவளிடம் நானே சொல்ல வேண்டும்.

மாலை ஐந்து மணி, தாம்பரம் ஐந்தாவது நடைமேடை. சேறு படிந்த சட்டத்தைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வண்டி கிளம்பிச் செங்கல்பட்டு ஏரி வந்தபோது ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடம் ஏரி என்றால் தண்ணீரைப் பார்ப்பேன், அன்று தண்ணீருக்குள் நிற்கும் புல்லைத் தேடினேன்.

போனில் முதல் பட்டியல் வந்திருந்தது. நாற்பத்தொரு இடங்கள், எல்லாமே ஈரம். முதல் இடத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். மணப்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளம் அது.