இரைச்சல் நீக்கிய கிட்டார்

அவர் வாசித்ததற்கு மிஞ்சிய ஒரே சாட்சி என் லேப்டாப்பில் இருந்த ஒன்பது மணி நேரம். அதைப் பதிவு செய்ததும் நான்தான், கெடுத்ததும் நான்தான்.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மாடி போர்ஷனில் இருந்தார். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வீடு வந்தால் கிட்டார். ராகம் கிடையாது, மெட்டு கிடையாது, என்ன வாசிக்கப்போகிறார் என்பது அவருக்கே தெரியாது. அந்த நொடியில் கைக்கு வருவதுதான். முப்பது வருஷம் இப்படி! இளவயதில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவில் இருந்திருக்கிறார். இரண்டு பாட்டுக்கு நடுவே கம்பியைத் தேய்த்து என்னவோ செய்ய, “யோவ், மைக் ரிப்பேருன்னு பொண்ணு வீட்ல சண்டைக்கு வராங்கய்யா” என்று குழுத் தலைவர் அன்றோடு அனுப்பிவிட்டார். பிறகு தாம்பரத்தில் ஒரு சின்ன ஹாலில் ஒரே ஒரு கச்சேரி. வந்த பதினோரு பேரில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

கீழ்வீட்டு ஓனர் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “இன்னா சார், ட்யூனிங் முடிஞ்சுதா? பாட்டு எப்போ?”

“இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்ணே.”

நானோ இந்த மாதிரி இசையை நெட்டில் தேடித் தேடிக் கேட்டவன். எங்கெங்கோ இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தால், பெருங்களத்தூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரத்திலேயே ஒருவர்! விடுவேனா? ஒரு வருஷம், சனிக்கிழமை சாயங்காலங்களில் மைக்கோடு போய் உட்கார்ந்தேன்.

“சார், ஜன்னலைச் சாத்திடலாமா? தண்ணி லாரி சத்தமெல்லாம் விழுது.”

“வேணாம்பா. திறந்தே இருக்கட்டும்.”

புழுக்கத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அப்புறம் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் குழறிக் குழறிச் சொன்னார்: “அதை வெளிய விடுப்பா. பத்து பேராவது கேக்கட்டும்.”

ஆபீசுக்கு லீவு போட்டேன். இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேரில் ஹார்ன், குக்கர் விசில், ஏரித் தவளை, தலைக்கு மேல் போன விமானம் என்று ஒன்று விடாமல் சுரண்டி எடுத்தேன். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று, சுரண்டுவதற்கு முந்தைய பழைய பதிவுகளை அழித்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அவர் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டேன். டீச்சராக இருக்கும் அவர் மனைவி, “எவ்ளோ சுத்தமா இருக்கு!” என்றார். சார் கொஞ்ச நேரம் கேட்டார். என்னைப் பார்த்தார்.

“அவங்கல்லாம் எங்கப்பா?”

“யாரு சார்?”

“குக்கர்… லாரி… தவளை. அவங்களோடதானே வாசிச்சேன்.”

அதற்குப் பிறகுதான் எனக்குக் காதே திறந்தது. ஒரு ஸ்வரம் எழும்பி எதற்கோ காத்து நிற்கிறது, எதுவும் வரவில்லை. திடீரென்று காரணமில்லாமல் துள்ளுகிறது. எதிரே யாருமில்லாமல் ஒரு மனுஷன் ஒன்பது மணி நேரம் தனியாகப் பேசுகிறார். அப்படி ஆக்கிவைத்திருந்தேன்.

“பழசு இருக்குல்ல?” என்றார். முகத்தில் அசைகிற பாதி மட்டும் சிரித்தது.

“இருக்கு சார். வீட்ல ஹார்ட் டிஸ்க்ல. அடுத்த வாரம் கொண்டு வரேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு வேறெதுவும் சொல்ல வரவில்லை. மேற்குத் தாம்பரத்தில் அழிந்ததை மீட்கிற கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “அது மேலயே வேற எழுதிட்டீங்களே ப்ரோ. ஒண்ணும் தேறாது” என்றார் கடைக்காரர்.

மூன்று மாதம் ஆகிறது. அந்தத் தெருப் பக்கம் போவதில்லை. நேற்று அவர் மனைவி போன் செய்தார்.

“ஹார்ட் டிஸ்க் கிடைச்சுதாப்பா? சனிக்கிழமை ஆனா நாற்காலியை ஸ்பீக்கர்கிட்ட போடச் சொல்லி உக்காந்துடறார். நீ வருவேன்னு.”

“தேடிட்டிருக்கேன் ஆன்ட்டி” என்றேன்.