கடல் வற்றக் காத்திருந்த பெரிய வெள்ளி

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. விமானத்தில் சீட் பெல்ட் விளக்கு எரிந்தாலே தேவாரம் சொல்லத் தொடங்கிவிடுவேன். ஆகவே திருகோணமலைக்குப் போக நினைக்கிறவர்கள் இந்தக் கட்டுரையில் உள்ள தூரத்தையும் காசையும் எடுத்துக்கொண்டு என் பயத்தைக் கழித்துவிடலாம். பெரிய வெள்ளியன்று நடந்ததை மட்டும் கழிக்க வேண்டாம்.

என் கணவர் கோனர் ஐரிஷ்காரர். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கோல்வேயில் இருக்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு இரத்த அழுத்தம் ஏறி, உப்பையும் பன்றி இறைச்சியையும் வெண்ணெயையும் குறைக்கும்படி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் மீன், இடையில் கடற்பாசி என்று மாறிவிட்டார். அவருடைய ஊர்ப் பழக்கமும் அதற்குத் தோதாக இருந்தது. அங்கே பழைய ஆட்கள் பெரிய வெள்ளியன்று இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். பால் விடாத தேநீர், வெறும் பாண், அதோடு கரையில் பொறுக்கிய சிப்பி, கடல் நத்தை, சிவப்புப் பாசி. அவ்வளவுதான் சாப்பாடு.

பெரிய வெள்ளி எப்போதும் பறுவத்தை, அதாவது பௌர்ணமியை, ஒட்டித்தான் வரும். அதனால் அன்று கடல் நன்றாக வற்றும். கோல்வேயில் வற்றுவது என்றால் கொஞ்ச நஞ்சமில்லை. இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இறங்கி, படகெல்லாம் சேற்றில் குந்திக்கொண்டிருக்கும். சனம் வாளியோடு சிரித்துச் சிரித்து இறங்கும். கல்யாணமாகி முதல் வருடம் அதைப் பார்த்து நான் றோட்டுக்கு ஓடிவிட்டேன். மற்றவர்களுக்கு அது திருநாள்.

போன ஏப்ரலில் லீவு கிடைத்தபோது என் சின்னம்மாவிடம் போக முடிவெடுத்தோம். அவ இறக்கக்கண்டியில் தனியாக இருக்கிறா. நான் வவுனியாவில் வளர்ந்தவள், குளத்தைத் தவிர வேறு தண்ணீர் அறியேன். சித்தப்பாவைச் சுனாமி கொண்டுபோனது. அது எப்படி என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் தண்ணீர் முழங்கால் அளவு வந்துவிட்டுத் திரும்பியது. பிறகு கடல் உள்ளே உள்ளே போய், ஒருநாளும் காணாத மணலில் மீன் துள்ளியது. சித்தப்பா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சின்னம்மாவின் வீட்டுக்கும் கடலுக்கும் இருநூறு மீற்றர்தான். ஆனால் அன்றைக்குப் பிறகு அவ கரைக்கு இறங்கியதே இல்லை.

கோனரின் பெட்டியில் மடித்து வைக்கிற நீல வாளி ஒன்று இருந்தது. கொழும்பில்தான் கண்டேன்.

கொழும்பிலிருந்து பகல் பஸ்ஸில் ஏறினால் திருகோணமலைக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஹபரணைக்குப் பிறகு காடு, யானை எச்சரிக்கைப் பலகைகள், என் தேவாரம். பஸ் நிலையத்திலிருந்து இறக்கக்கண்டி பதினெட்டுக் கிலோமீற்றர் அளவு. நிலாவெளி தாண்டிப் போகிற பஸ் மலிவு. பெட்டிகள் இருந்ததால் நாங்கள் ஓட்டோ பிடித்தோம், மூவாயிரம் ரூபாய். பேரம் பேசினால் குறையும். நான் பேசவில்லை, சாரதி கோபத்தில் வேகமாக ஓட்டிவிடுவார் என்று பயம்.

உப்புவெளி தாண்டியதும் கோனர் என்னைத் தட்டி, “வெள்ளிக்கிழமை கடல் எத்தனை மணிக்கு உள்ளே போகும் என்று அவரிடம் கேள்” என்றார். கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டேன்.

ஓட்டோ ஓரமாக நின்றது. சாரதி முழுதாகத் திரும்பினார். “ஏன் அக்கா, சுனாமி அறிவிப்பு ஏதும் விட்டிருக்கிறாங்களே?” என்று ஃபோனை எடுத்துவிட்டார். வீட்டுக்கு அடிக்கப் போகிறார் என்று விளங்கி, கோல்வே கதையை அவசரமாகச் சொன்னேன். அவர் ஃபோனைச் சட்டைப் பையில் வைத்தார். “இஞ்ச ஒரு முழமும் வத்தாது. இந்தக் கதையை அங்க போய்க் கதைக்காதேங்கோ, அக்கா.”

கோனருக்கு மொழிபெயர்த்தேன். “வற்றாத கடல் உலகத்தில் உண்டா?” என்று சிரித்தார். நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் விடமாட்டார்.

சின்னம்மா எங்களை அன்போடு வரவேற்றா. மருமகனுக்கு உப்பு ஆகாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். குரக்கன் மாப் புட்டு, முருங்கையிலை வறை, தேசிக்காய்ப் புளியில் மீன் என்று உப்பே தெரியாமல் சமைத்து வைத்தா. கோனர் குசினிக் கதிரையில் இருந்து மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். நான் அந்த நேரம் பார்த்து வாளியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

பெரிய வெள்ளி காலை விழித்தபோது பக்கத்தில் கோனர் இல்லை. குனிந்து பார்த்தேன், வாளியும் இல்லை.

கரைக்கு ஓடினேன். வலதுபுறம் கற்பாறைகள் கொஞ்சம் உண்டு. நேற்று மாலை தண்ணீர் தொட்ட இடத்துக்குக் கீழே பாறை ஈரமாக, கறுப்பாக வெளியே தெரிந்தது. கோனர் அதற்கும் அப்பால் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். கையில் நீல வாளி. அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

“கடல் உள்ளுக்குப் போகுது!”

அந்தச் சொல்லுக்கு அங்கே இருக்கிற பலம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வலையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி எழுந்தார்கள். வீடுகளிலிருந்து சனம் வந்தது. யாரும் என்ன என்று கேட்கவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு றோட்டுப் பக்கம் ஓடினார்கள். ஒரு பெண் சோற்றுப் பானையோடு ஓடினாள். நான் மட்டும் நின்றேன். மேலேயும் ஓடவில்லை, அவரிடமும் போகவில்லை.

அப்போது ஓடுகிற சனத்துக்கு எதிராக ஒரு ஆள் வருவது தெரிந்தது. சின்னம்மா. சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, என்னைத் தாண்டி, பாறையைத் தாண்டி, நேரே கடலுக்குள் இறங்கினா. இடுப்பளவு தண்ணீரில் கோனரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தா. அவரும் ஏன் என்று கேட்காமல் வந்தார். கரையில் ஏறியும் நிற்கவில்லை, மற்றக் கையால் என்னையும் பிடித்து றோட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனா.

ஒன்றும் வரவில்லை. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. வலைக்காரர் ஒருவர் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “பறுவத்துக்கு ஒரு சாண் வத்தும். அதுக்கு இப்பிடியே கத்துறது? என்ர பிள்ளையள் ஓடுதுகள், பிள்ளை” என்றார். திட்டத்தான் வந்தார். ஆனால் கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவில்லை. நான் அழுதபடி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தும் சின்னம்மா கோனரின் கையை விடவில்லை. மணிக்கட்டில் அவவின் நகம் பதிந்திருந்தது. “அண்டைக்கும் நான் கண்டனான்” என்றா. “கரையில நிண்டு கத்தினனான், வாங்கோ வாங்கோ எண்டு. காத்து மற்றப் பக்கம். அவருக்குக் கேக்கேல்ல. எனக்கு இறங்கப் பயம். இறங்கிக் கையைப் பிடிச்சிருந்தா வந்திருப்பார்.”

“நீங்களும் போயிருப்பீங்கள், சின்னம்மா” என்றேன்.

“ஓம்” என்றா. “அது தெரியும்.”

கோனருக்கு இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. எழுந்து போய் வாளியில் இருந்த சிப்பி, நத்தையெல்லாம் கடலில் கொட்டிவிட்டு வரட்டுமா என்று சைகையில் கேட்டார். “வேண்டாம், இனிக் கடலுக்குப் போக ஏலாது” என்று அவ தானே வாங்கி, தென்னைக்கு அடியில் கவிழ்த்தா. அதில் கிடந்த கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியை மட்டும் எடுத்து வைத்தா. உயிர்த்த ஞாயிறன்று கோனர் அதைக் கழுவிக் காய்ச்சி, தேங்காய்ப்பாலும் கொஞ்சம் கருப்பட்டியும் சேர்த்து ஆறவைத்தார். அயர்லாந்திலும் பாசியைப் பாலில் இப்படித்தான் உறைய வைப்பார்கள். நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்கிற கடற்பாசி இனிப்பின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக உறைந்திருந்தது. சின்னம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தா. “கடல் மணக்குது” என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டா.

போகிறவர்களுக்கு: ஏப்ரலில் வெயில் கொடுமை, காலை பத்துக்கு முன் கரையை விட்டு வந்துவிடுங்கள். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம். உப்பைக் குறைக்கிறவர்கள் கருவாட்டை மறந்துவிட்டு முருங்கையிலையையும் குரக்கனையும் கேளுங்கள், கடைகளிலும் கிடைக்கும். தெரியாத சிப்பியைப் பொறுக்கிச் சாப்பிட வேண்டாம். அந்தக் கரையில் யாரிடமும் கடல் எப்போது வற்றும் என்று கேட்க வேண்டாம். விளையாட்டுக்கும் வேண்டாம்.

கோனர் கோல்வேயில் இப்போதும் வாளியோடு இறங்குகிறார். இறங்க முன்னர் சின்னம்மாவுக்கு ஃபோனில் சொல்லிவிட வேண்டும், அது அவவின் கட்டளை. ஏறியதும் மறுபடி அடிக்க வேண்டும். அதற்காக மட்டும் இரண்டு தமிழ்ச் சொற்கள் பழகியிருக்கிறார். அந்த ஃபோன் வரும்வரை இறக்கக்கண்டியில் அவ சாப்பிடுவதில்லையாம். நானும் கரையில் நின்று கத்துவதில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில், கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறேன், பல் கிட்டிக்கொண்டு, அவர் நிமிர்ந்து ஃபோனை எடுத்து “ஏறிட்டன் மாமி” என்று சொல்லும்வரை.