எப்போதும் எட்டே முக்கால்

காலையில் வேலைக்கு வந்ததும் நாற்காலியில் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார் அத்தை. "பிடிச்சுக்கடி. உலகத்தையே சுத்திட்டு வந்தவளுக்கு ஒரு நாற்காலியப் பிடிக்க வலிக்குதா?" என்று, ஊர் ஊராகத் திரிந்துவிட்டு இப்போது அவருக்கு உதவியாக இருக்கும் எனக்கு ஒரு குத்து. அதன் பிறகு அந்த அறையில் மாலை வரை எட்டே முக்கால்தான்.

அத்தை இந்த இதய மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். தாறுமாறாகத் துடிக்கிற இதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் ஆபத்து. தடுப்பதற்கு மாத்திரைகள் உண்டு. யாருக்கு எது என்று டாக்டர் முடிவுசெய்யும் முன் அத்தையின் விசாரணை. "கைவலிக்கு மாத்திரை போட்டீங்களா? யார் சொன்னா? டாக்டரா, பக்கத்து வீடா?"

மாத்திரைகளுக்கும் அவரிடம் உறவுமுறை உண்டு. "புதுசு நல்ல விருந்தாளி, வம்பு பண்ணாது. பழசு சம்பந்தி. கீரை கூடினாலும் கோபம், குறைஞ்சாலும் கோபம். மாசாமாசம் ரத்தம் எடுத்து, என்ன மனநிலையில இருக்குன்னு பாக்கணும். ஆனா நெஞ்சுல உலோக வால்வு இருந்தா சம்பந்திதான் காவல். விருந்தாளிய நம்ப முடியாது."

வீட்டில் போன் பத்துத் தடவை அடித்தாலும் அத்தைக்குக் கேட்காது. மாமா கூப்பிட்டால் நிச்சயமாகக் கேட்காது.

போன மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தார். சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை இறுக்கிப் போட்டிருந்தார். பழைய ஃபைல் தொலைந்துவிட்டதாம்.

"என் மச்சானுக்கும் இதே படபடப்புதான் சிஸ்டர். அவருக்குப் புது மாத்திரை. எனக்கும் அதையே எழுதச் சொல்லுங்க. மாசாமாசம் இங்க வந்து உக்காந்தா லாரிய யார் ஓட்டுறது?"

"நெஞ்சுல ஆபரேஷன் ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல."

அத்தை பேனாவை மூடினார். "வாயத் திறங்க."

"பல்லு நல்லாத்தானே இருக்கு?"

"திறங்கண்ணே."

திறந்தார். கடிகாரம் ஓடாத அந்த அறையில், அவர் வாய்க்குள்ளிருந்து டிக்... டிக்டிக்... டிக் என்று கேட்டது. டாக்டர் எப்படியும் கண்டுபிடித்திருப்பார்தான். அந்த வாய்ப்பை அத்தை அவருக்குத் தருவதில்லை.

"இன்ஜின் சத்தம் தெருவரைக்கும் கேக்குது, லாரியே இல்லங்குறீங்க!"

டிரைவர் பொத்தானைத் திருகினார். "வால்வுன்னு சொன்னா புதுசு தர மாட்டீங்களேன்னுதான்..."

"தந்திருந்தா, வால்வுல ரத்தம் கட்டி, ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே கை கால் வராமப் போயிருக்கும். பின்னால வர்றவன் என்ன பாவம் பண்ணினான்? விரலக் குடுங்க."

இந்த மாதம் சொன்ன தேதிக்கு வந்துவிட்டார். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது; ஆபரேஷன் தழும்பின் நுனி தெரிந்தது.

"சத்தத்துல தூக்கமே வரலங்குறா வீட்டுல. இது எப்ப சிஸ்டர் நிக்கும்?"

"நிக்கக் கூடாதுன்னுதானே சம்பந்திய வெச்சிருக்கோம்."

விரலை நீட்டும் முன் அவராகவே வாயைத் திறந்தார். அத்தை ஊசியைக் கீழே வைத்தார். பையிலிருந்த பேட்டரியை ஒரு கையால் பொத்திக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.