பதினான்கு தூளிகள்

வெள்ளையம்மாவைப் பற்றி எங்கள் தோட்டத்தில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. மலாயாவில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து நான்கு மைல் உள்ளே, செம்மண் சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது அந்த ரப்பர் தோட்டம். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியாராகப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எச்சரிக்கை வந்துவிட்டது.

"எல்லாரோடயும் பழகுங்க வாத்தியாரே. அந்த ஆயாகிட்ட மட்டும் பேச்சு வச்சுக்காதீங்க. கொலைகாரி."

சொன்னவருடைய கடைசிக் குழந்தை அந்த நேரத்தில் வெள்ளையம்மாவின் கொட்டகையில், தூளிக்குள், கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது.

அவள் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையின் ஆயா. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைத் தரை, குறுக்கே ஒரு நீண்ட கழி. கழியில் பதினான்கு தூளிகள். துணி அந்தந்தத் தாயுடையது. பழம்புடவையைக் கொண்டுவந்து தானே முடிச்சுப் போட்டுவிட்டுப் போவாள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, ஓடுகிற வழியில் பெண்கள் குழந்தையைப் போட்டுவிட்டு மரம் சீவப் போவார்கள். பத்து மணிக்கு, உடம்பெல்லாம் ரப்பர்ப் பால் நாற்றத்தோடு, முலை கட்டி ஓடி வருவார்கள். வெள்ளையம்மா குழந்தையை எடுத்து நீட்டுவாள். வாங்கிக்கொள்கிறவள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். "அழுதானா?" என்பாள் தூளியைப் பார்த்து. "இல்ல" என்பாள் வெள்ளையம்மா, அவளும் தூளியைப் பார்த்து.

1914இல் சபாபதி கங்காணி திருச்சிச் சீமையிலிருந்து கூட்டிவந்த ஆட்களில் அவளும் அவள் புருஷனும் இருந்தார்கள். அப்போது இங்கே பாதிக்கு மேல் காடு. காடழித்துக் கன்று நட்டு, கன்றுகளுக்கு நடுவே அன்னாசி போட்டார்கள். முதல் மழைக்காலத்துக் காய்ச்சலில் புருஷன் போனான். அவளுக்கு அப்போது இரண்டு மாதம். பிள்ளை வேண்டும் என்று அவள் கங்காணியின் காலைப் பிடித்தாளாம். கங்காணி சொன்னதைப் பதினைந்து வருஷம் கழித்தும் அவள் அதே குரலில் சொல்லிக் காட்டுவாள்:

"தொரைக்குக் கத்தி புடிக்க ஆள் வேணும்டி. வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறவ எனக்கு எதுக்கு?"

பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் ஒரு கிழவி இருந்தாள். பிரசவம் பார்க்கிற பீடான். கங்காணியே ஆள் துணைக்கு அனுப்பி அவளிடம் கொண்டுபோக வைத்தார். அதற்குப் பிறகு வெள்ளையம்மாவின் வயிறு திறக்கவே இல்லை.

அடுத்து வந்தவளைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை அவளுக்கு வந்தது. அதற்கடுத்து, பீடானுக்குக் கண் மங்கிய பிறகு, கூட்டிக்கொண்டு போகவும் தேவையில்லாமல் போயிற்று; அவளே மருந்து கொடுத்தாள். கங்காணி பெரட்டில் நின்றபடியே சொல்வாராம்: "வெள்ளையம்மா, இவள ரெண்டு நாளைக்குப் பாத்துக்க." என்ன பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. பாவம் என்ற சொல்லும் அப்போது யார் வாயிலும் வரவில்லை. 1919இல் கிருஷ்ணம்மா என்று ஒருத்தி அவள் கையில் செத்துப்போனாள். பத்தொன்பது வயது. "அவ விதி" என்றார் கங்காணி. மறுநாளே கிருஷ்ணம்மா சீவிய மர நிரையில் வேறு ஆளைப் போட்டார். வெள்ளையம்மா மட்டும் அந்த மாதம் வந்தால் மூன்று நாள் சோறு தொட மாட்டாள். அவள் தவறே செய்யாதவள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அவளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

பிறகு சட்டம் மாறியது. தொழிலாளர் இலாகாக்காரர்கள் வந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு கொடு, கொட்டகை கட்டு, ஆயா வை என்றார்கள். ஊரிலிருந்து ஆள் கொண்டுவருவதைவிட இங்கேயே ஆள் பிறப்பது நல்லது என்று துரைமார்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். எது எப்படியோ, கங்காணிக்கும் ஒரே வருஷத்தில் ஞானம் பிறந்தது. மாரியம்மன் கோயிலுக்குத் தகரக் கூரை போட்டார், தர்மகர்த்தா ஆனார். நெற்றி நிறைய விபூதியோடு, "சிசுவக் கொல்றவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று அறிவித்தார். எவளைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். யார் சொல்லி அவள் அதைச் செய்தாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தலையாட்டினார்கள்.

அவளைத் தோட்டத்தை விட்டே துரத்தியிருப்பார். ஆனால் புதுத்துரை கொட்டகைக்கு ஆள் தேடியபோது, நாலு பெண்களிடம் ஓயாத அழுகை அவள் கையில் ஓய்ந்ததைப் பார்த்துவிட்டார். துரை வைத்த ஆயா. கங்காணியால் தொட முடியவில்லை. அன்றிலிருந்து வெள்ளையம்மா கோயிலுக்கு வெளியே, பலா மரத்தடியில் நின்று கும்பிட்டாள்.

1930இல் இன்னொரு காற்று வீசியது. ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி காளியப்பனுக்குச் சிங்கப்பூரிலிருந்து சீர்திருத்தப் பத்திரிகைகள் வரும். ஒரு தடவை அவற்றோடு கர்ப்பத்தடையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிராணி வீட்டில் பன்னிரண்டு ஆண்கள் கூடினோம். நன்றாக வாசிப்பேன் என்று என் கையில் கொடுத்தார்கள். எட்டாம் பக்கம் தாண்டுவதற்குள் சிரிப்பு தொடங்கிவிட்டது.

"மெதுவா படிங்க வாத்தியாரே. என் பொண்டாட்டி காதுல விழுந்தா நாளைலேருந்து கதவத் தாப்பா போட்டுக்குவா."

"அவ இப்பவே போட்டுக்கிறாளாமே?"

கிராணிக்குக் கோபம் வந்தது. "இது பெண் விடுதலைய்யா! நாகரிக உலகத்துல ராணிமார்கூடப் பேசுற விஷயம்!" என்று மேசையைத் தட்டினார். அவர் மனைவி காப்பியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூட்டம் கலைந்ததும் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "பத்திரமா வைங்க, வீட்டுல பொம்பளைங்க கைக்குப் போயிரப் போவுது" என்றார்.

அடுத்த வாரம் வெள்ளையம்மா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள்.

"வாத்தியாரே, கிராணி வீட்டுல என்னமோ பொஸ்தகம் படிச்சீங்களாமே. பிள்ள உண்டாவாம இருக்கிறதுக்கு."

எனக்குக் காது சுட்டது.

"படிச்சுக் காட்டுங்க. எனக்குன்னு இல்ல. சாயங்காலம் கொட்டகையில நாலு பொம்பளைங்க வருவாங்க, அவங்க புருஷங்களையும் வரச் சொல்றேன். நீங்க படிச்சாப் போதும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அந்தச் சொற்களை ஆண்கள் நடுவே வாசித்த நாக்கு, பெண்கள் நடுவே வாசிப்பதை நினைத்ததும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அது... இங்க இல்ல. திருப்பிக் குடுத்துட்டேன்" என்றேன். புத்தகம் எனக்கு ஒரு கை தூரத்தில், பெட்டியில் இருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சரிங்க வாத்தியாரே" என்று போய்விட்டாள்.

அதற்குள் ரப்பர் விலை விழுந்து, பாதி ஆட்களை ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். மரம் சீவுகிற வேலு என்பவனுக்கு ஐந்து குழந்தைகள். ஐந்தாவது இன்னும் தூளியில். அவன் பெண்டாட்டி ராஜம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். வேலை செய்ய முடியாதவள் பெயர் கப்பல் பட்டியலில் முதலில் ஏறும். வேலு வெள்ளையம்மாவிடம் போனான். இரண்டு தடவை மாட்டேன் என்றாள். மூன்றாம் தடவை புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து காலில் விழுந்தார்களாம்.

நாலாம் நாள் ராஜம்மாவை மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டிப் பலகை நனைந்திருந்தது. உயிர் தப்பியது.

அந்த வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் பஞ்சாயத்து. கங்காணி படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிராணி காளியப்பன். அந்தக் கோயில் படியில் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெள்ளையம்மாவைப் பலா மரத்தடியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

"குடுத்தியா இல்லையா?" என்றார் கங்காணி.

"குடுத்தேன்."

"பாருங்கய்யா, கொஞ்சமாவது கூசுதா பாருங்க!"

"கூசிக்கிட்டுத்தான் கங்காணியாரே குடுக்கிறேன். மொத மொத நீங்க அனுப்பினதுலேருந்து."

கங்காணி எழுந்தே விட்டார். "நாக்க அறுத்துப் போடுவேன், தேவடியா! ஆத்தா சந்நிதியில நின்னுக்கிட்டு எம் மேல பழி போடுறியா?"

கிராணி கையை உயர்த்தி அவரை அமர்த்தினார். சாந்தமாகப் பேசினார். "கர்ப்பத்தடைங்கிறது விஞ்ஞானம். இந்தம்மா செய்யுறது காட்டுமிராண்டித்தனம். நம்ம முன்னேற்றத்துக்கே இழுக்கு. இவங்கள வச்சுக்கிட்டு நாம மேடையில என்னத்தப் பேசுறது?" இதுவரை எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அன்று ஒத்துப்போனார்கள்.

ஆண்கள் முணுமுணுத்தார்கள். கத்தியவர்கள் பெண்கள்தான். "எம் புள்ளயத் தொட்ட கையி நாசமாப் போவ!" என்று மண்ணை வாரித் தூற்றியவளை எனக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் அவள் இரண்டு நாள் வேலைக்கு வராமல் வெள்ளையம்மாவின் அறையில் படுத்திருந்தாள். இன்னொருத்தி காறித் துப்பினாள். அவளும் அப்படித்தான். எவள் சத்தம் போடவில்லையோ அவள் மேல் சந்தேகம் விழும். அதனால் ஒருத்தியும் பாக்கியில்லாமல் சத்தம் போட்டார்கள். வெள்ளையம்மா ஒருத்தி பெயரையும் சொல்லவில்லை.

துரை வைத்த ஆயாவை எடுக்கத் துரையால்தான் முடியும். அதற்குக் கங்காணி வழி கண்டுபிடித்திருந்தார். "கொட்டகையில புள்ள இருந்தாத்தானே ஆயா? நாளைக்கு அவங்கவங்க தூளிய அவுத்துக்குங்க. ஒரு தூளி தொங்கக் கூடாது. ஆயாவுக்கு வேலையில்லேன்னா கப்பல் இருக்கு."

ஊரில் அவளுக்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவள் கிராமத்தின் பெயர்கூட எத்தனை பேருக்குத் தெரியுமோ. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டுக்கு முன்பே பெண்கள் வந்தார்கள். வெள்ளையம்மா வழக்கம்போலத் தரையைப் பெருக்கி வைத்திருந்தாள். ஒவ்வொருத்தியாகக் கழியிலிருந்து முடிச்சை அவிழ்த்தாள். கங்காணியின் ஆள் எண்ணிக்கொண்டு நின்றான். "சீக்கிரம் அவுங்கடி, கொலைகாரி வாடை புள்ளைக்கு ஒட்டிக்கப் போவுது." ஒருத்தியின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. வெள்ளையம்மா தானே போய் அவிழ்த்துக் கொடுத்தாள். அவள் பிடுங்கிக்கொண்டு போனாள்.

பதின்மூன்று போயிற்று. ஒன்று மட்டும் தொங்கியது. நீலக்கரை போட்ட பழம்புடவை. ராஜம்மாவுடையது. ராஜம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு தூளி தொங்கினால் ஒரு பிள்ளை. ஒரு பிள்ளை இருந்தால் ஆயா வேண்டும். வெள்ளையம்மா அதையே பார்த்துக்கொண்டு கழியடியில் நின்றாள்.

வேலு கைக்குழந்தையோடு வந்தான். குழந்தையைப் போட வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போனான். இடுப்பிலிருந்து மரம் சீவுகிற பால் கத்தியை எடுத்தான்.

"அறுக்காத வேலு" என்றாள். "அவுத்து எடு. அதுக்கு வேற துணி இல்ல."

அவன் அறுத்தான். துணி இரண்டாகக் கிழிந்து கையோடு வந்தது.

மூன்றாம் நாள் லாரி வந்தது. கப்பலுக்குப் போகிறவர்கள் மூட்டைகளோடு நின்றார்கள். நான் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "படிக்கட்டுமா?" என்றேன்.

"திருப்பிக் குடுத்துட்டேன்னீங்களே."

புத்தகத்தைப் பிரித்தேன். முறைகள் எழுதியிருந்த பக்கங்களை வாசித்தேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"இது அந்தப் பீடான் எனக்கு எப்பவோ சொன்னதுதான் வாத்தியாரே. நானும் பொம்பளைங்ககிட்ட சொல்லிப் பாத்தேன். புருஷங்காரன் ஒத்துக்கணுமே. சிறுக்கி சொல்றத எவன் கேப்பான்? அச்சுல இருக்கு, வாத்தியார் வாயால வருதுன்னா நாலு பேராவது கேட்டிருப்பானுங்க. அதுக்குத்தான் அன்னிக்கு வந்து நின்னேன்."

லாரியில் ஏறிக்கொண்டாள். வழியனுப்ப வந்திருந்தவர்கள் மற்றவர்களுக்குக் கையாட்டினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கங்காணியின் மைத்துனி ஆயாவானாள். பதினான்கு தூளிகளும் திரும்பத் தொங்கின. ஒன்று ஒட்டுப் போட்டது.

நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வேலு பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றான். எங்கே வெள்ளையம்மா நின்றாளோ அங்கேயே. தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த ஆயா எந்த ஊருன்னு தெரியுங்களா வாத்தியாரே? எழுதிக் கேட்டா... வேற யாருகிட்ட போறதுன்னு ஏதாச்சும் சொல்லுமா?"

"என்ன விஷயம்?"

"ராஜம்மாவுக்கு மறுபடியும் ரெண்டு மாசம்." செம்மண் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "டாக்டரு இன்னொண்ணு தாங்காதுன்னு சொல்லியிருந்தாரு."

பிறகு சொன்னான்: "உங்ககிட்ட ஒரு பொஸ்தகம் இருக்காமே. அதையாச்சும் படிச்சுச் சொல்லுங்களேன்."

பெட்டியைத் திறந்து எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டேன். பிரிக்கவில்லை.

"இது முன்னாலயே படிச்சிருக்க வேண்டியது, வேலு" என்றேன்.